மேல் மதகும் கீழ் மதகும்

சித்திரை பிறந்துவிட்டால் பண்ருட்டியைச் சுற்றியுள்ள முந்திரிக்காடுகளில் வேலைக்கு ஓய்வில்லை. உதிர்ந்து கிடக்கும் பழத்தை எடுத்து, கொட்டையைத் திருகிக் கூடையில் போட்டு, இடுப்பு நிமிராமல் அடுத்த பழத்துக்கு நகர வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்த தானே புயல் இந்தப் பக்கத்தின் பெரிய முந்திரி, பலா மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. மரம் விழுந்தால் விளைச்சலோடு சேர்ந்து, வேலை செய்கிறவர்களின் தலைக்கு மேல் இருந்த நிழலும் போய்விடுகிறது. கன்று வளர்ந்து குடை விரிக்க ஆண்டுகள் ஆகும். வெயிலில் பாடுபடும் உடம்பு மணிக்கு ஒரு லிட்டர் வியர்வையைக்கூட இழக்கும். இழந்த அளவுக்குத் தண்ணீர் குடிப்பவர்கள் குறைவு. பெண்கள் அதிலும் குறைவாகக் குடிப்பார்கள். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டுமே.

பகல் பன்னிரண்டு மணிக்கு, அப்படி வேலை செய்யும் ஒரு பெண்ணின் சிறுநீரகத்துக்குள் என்ன நடக்கிறது?

இரண்டு சிறுநீரகங்களும் சேர்ந்து சுமார் 300 கிராம்தான். உடல் எடையில் நூற்றில் அரைப் பங்கு. ஆனால் இதயம் ஒரு நிமிடத்தில் வெளியே தள்ளும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் ஒரு லிட்டருக்கும் மேலாக இவற்றுக்குத்தான் போகிறது. ஓயாமல் துடிக்கும் இதயத் தசையே தனக்கென்று கால் லிட்டர்தான் எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகம் இவ்வளவு ரத்தத்தை வாங்குவது தன் பசிக்காக அல்ல, வடிகட்டுவதற்காக. நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரை ரத்தத்திலிருந்து வடித்து, அதில் ஏறக்குறைய எல்லாவற்றையும் திருப்பி உள்ளே இழுத்துக்கொண்டு, ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகிறது. நம் ரத்தத்தின் நீர்ப்பகுதி மொத்தமே 3 லிட்டர்தான் என்பதால், அது ஒரு நாளில் அறுபது தடவை வடிகட்டப்படுகிறது.

செல்வம் குவிந்த இடத்தில்தான் நெருக்கடி நேரத்தில் கைவைப்பார்கள். வெயிலில் உடம்பு தன் சூட்டைத் தோல் வழியாகத் தள்ள வேண்டும். அதற்குத் தோலுக்கு ரத்தம் வேண்டும். வேலை செய்யும் தசைக்கும் வேண்டும். வியர்வையில் நீர் போய்விட்டதால் மொத்த ரத்தமும் சுருங்கியிருக்கிறது. உடம்பு சிறுநீரகத்தின் பங்கைக் குறைக்கிறது. கடும் உழைப்பின்போது அந்தப் பங்கு பாதியாகக்கூடக் குறைந்துவிடும். பங்கு குறைந்தாலும் வடிகட்டும் வேலை நிற்கக்கூடாது. இந்த இரண்டையும் ஒரே நேரத்தில் சாதிப்பது ஹார்மோன்களின் வேலை.

அதைப் புரிந்துகொள்ள, கடலூர் மாவட்டத்து விவசாயிக்கு வீராணம் ஏரி போதும். கீழணையில் தேங்கும் கொள்ளிடத் தண்ணீர் வடவாறு வழியாக ஏரிக்கு வருகிறது. ஏரியிலிருந்து மதகுகள் வழியாகக் காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் பக்கத்து வயல்களுக்குப் போகிறது. வரத்தைக் குறைத்தால் ஏரி மட்டம் இறங்கும். வரத்தே குறைவாக இருந்தாலும், போக்கு மதகை இறக்கி வைத்தால் மட்டம் நிற்கும். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ பத்து லட்சம் வடிகட்டிகள் இருக்கின்றன. நெஃப்ரான் என்று பெயர். ஒவ்வொன்றின் தலையிலும் குளோமருலஸ் என்கிற மயிரிழை ரத்தக்குழாய்ச் சுருள். உடம்பின் மற்ற இடங்களில் இத்தகைய நுண்குழாய்கள் ஒரு தமனியில் தொடங்கி ஒரு சிரையில் முடியும். இங்கே மட்டும் இரண்டு முனையிலும் தமனி. உட்செல் தமனி ஒன்று, வெளிச்செல் தமனி ஒன்று. இரண்டின் சுவரிலும் தசை உண்டு, இரண்டும் சுருங்கவும் விரியவும் செய்யும். அதாவது ஒவ்வொரு வடிகட்டிக்கும் மேலே ஒரு மதகு, கீழே ஒரு மதகு.

மேல் மதகு இறங்கினால் ரத்த ஓட்டமும் குறையும், வடிகட்டலும் குறையும். கீழ் மதகு இறங்கினால் ரத்த ஓட்டம் குறையும், ஆனால் சுருளுக்குள் அழுத்தம் ஏறி வடிகட்டல் காப்பாற்றப்படும். சிறுநீரக ரத்த ஓட்டம் பற்றி எத்தனை ஹார்மோன்களின் பெயரைச் சொன்னாலும், கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த மதகைத் தொடுகிறது?

மதகை இயக்கும் லஸ்கர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். மேல் மதகின் சுவரிலேயே, ரெனின் என்ற நொதியை மூட்டை மூட்டையாகச் சேர்த்து வைத்திருக்கும் செல்கள் இருக்கின்றன. வடிகட்டப்பட்ட நீர் நீண்ட குழலில் இறங்கி, வளைந்து, மறுபடி மேலேறி வருகிறதல்லவா? அந்தக் குழல் தான் பிறந்த அதே சுருளின் மேல் மதகை உரசிக்கொண்டு போகும்படி அமைந்திருக்கிறது. உரசும் இடத்திலுள்ள செல்கள், வந்து சேர்ந்த நீரில் உப்பு எவ்வளவு என்று சோதிக்கின்றன. உப்பு குறைந்தால் பக்கத்திலிருக்கும் ரெனின் செல்களுக்குச் செய்தி போகும். மதகின் சுவரில் ரத்தத்தின் அழுத்தம் தளர்ந்தாலும் ரெனின் வெளிவரும். வெயிலும் வேலையும் நரம்பு மண்டலத்தை முடுக்கினாலும் வெளிவரும். நம் முந்திரிக்காட்டுப் பெண்ணுக்கு நண்பகலில் இந்த மூன்று காரணங்களும் ஒன்றாகக் கூடிவிடுகின்றன.

ரெனினைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் இருந்த ராபர்ட் டைகர்ஸ்டெட்டும் அவருடைய மாணவர் பெர் பெர்க்மனும். முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றை இன்னொரு முயலுக்குள் செலுத்தினார்கள், ரத்த அழுத்தம் ஏறியது. 1898ல் அதை வெளியிட்டார்கள். யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1934ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனியை ஒரு கவ்வியால் நெருக்கி, ரத்தக்கொதிப்பு நிரந்தரமாக ஏறுவதைக் காட்டிய பிறகுதான் பழைய தாள்களைத் தேடினார்கள். ரத்தம் குறைந்த சிறுநீரகம் மொத்த உடம்பின் ரத்த அழுத்தத்தையும் ஏற்றிவிடும். தனக்கு வரத்து போதவில்லை என்றால் அது ஆற்றையே பெருக்கெடுக்க வைக்கப் பார்க்கிறது.

ரெனின் தானாக எந்த மதகையும் தொடுவதில்லை. கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் மிதக்க விட்டிருக்கும் ஒரு புரதத்தை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட துண்டில் பத்து அமினோ அமிலங்கள். அது நுரையீரலைக் கடக்கும்போது ஏ.சி.இ. என்ற இன்னொரு நொதி மேலும் இரண்டை நறுக்கி எட்டாக்குகிறது. இந்த எட்டு அமினோ அமிலத் துண்டுதான் ஆஞ்சியோடென்சின் 2. ரத்தத்தில் இதன் ஆயுள் ஒரு நிமிடத்தைச் சுற்றித்தான். அதற்குள் உடம்பெங்கும் ரத்தக்குழாய்களைச் சுருக்கும், தாகத்தைக் கிளப்பும், அட்ரினல் சுரப்பியைத் தூண்டி ஆல்டோஸ்டிரோனை வரவழைத்து உப்பைப் பிடித்து வைக்கும். சிறுநீரகத்தில் அது இரண்டு மதகுகளையும் இறக்கினாலும், கீழ் மதகை அதிகம் இறக்குகிறது. வடிகட்டலைக் காப்பாற்றும் ஏற்பாடு அதுதான். நண்பகலில் அந்தப் பெண்ணின் சிறுநீரகம் குறைந்த ரத்தத்தை வைத்துக்கொண்டும் வடிகட்டிக்கொண்டிருப்பது இதனால்தான்.

ஆனால் மேல் மதகு? அதை மூடச் சொல்லி நாலா பக்கமும் நெருக்கடி. நரம்பு நுனிகளிலிருந்து நார்அட்ரினலின், அட்ரினல் சுரப்பியிலிருந்து அட்ரினலின், கூடவே ஆஞ்சியோடென்சின் 2. இவை எல்லாம் ஒரே திசையில் இழுக்க விட்டால் வரத்து அற்றுப்போகும். அதற்கு எதிராக நிற்பவை சிறுநீரகமே உள்ளூரில் சுரந்துகொள்ளும் புரோஸ்டாகிளாண்டின்கள். ரத்தத்தில் நெடுந்தூரம் போகாமல், பிறந்த இடத்திலேயே வேலை பார்த்துவிட்டு அழிந்துபோகும் ஹார்மோன்கள் இவை. ரத்தக்குழாய்ச் சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடும் துணைக்கு உண்டு. நெருக்கும் ஹார்மோன்கள் ஏற ஏற இவையும் ஏறி, மேல் மதகைத் திறந்து பிடித்துக்கொள்கின்றன.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். நன்றாகத் தண்ணீர் குடித்து நிழலில் ஓய்வாக இருப்பவரின் சிறுநீரகத்தில் புரோஸ்டாகிளாண்டினுக்குப் பெரிய வேலை இல்லை. அதைத் தடுத்தாலும் ரத்த ஓட்டம் அவ்வளவாக மாறாது. உடம்பு வறண்ட நாளில்தான் அதன் தோளில் மொத்தப் பாரமும் வந்து இறங்குகிறது.

சிறுநீரகத்துக்கும் ஒரு கடைமடை இருக்கிறது. வந்த ரத்தத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு வெளிப்பகுதியான புறணிக்கே போய்விடுகிறது. உள்ளே இருக்கும் அகணிக்கு மிச்சம்தான். சிறுநீரைச் செறிவாக்கும் பணி அங்கே நடக்கிறது. ரத்தம் வேகமாக ஓடினால் அங்கே சேர்த்து வைத்த உப்பு அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் மெல்ல ஓடும்படி அமைந்திருக்கிறது. விலை என்னவென்றால், அகணி எப்போதும் ஆக்சிஜன் பற்றாக்குறையின் விளிம்பிலேயே வாழ்கிறது. தண்ணீர் குறையும்போது மூளையடிப் பிட்யூட்டரியிலிருந்து வரும் வாசோப்ரெசின் சிறுநீரை இறுக்குவதோடு இந்த மெல்லிய ஓட்டத்தையும் குறைக்கிறது. அங்கேயும் காவலுக்கு நிற்பது புரோஸ்டாகிளாண்டின்தான். காவிரியில் வரத்து குறைந்த ஆண்டில் முதலில் காய்வது கடைமடை வயல் என்று சிதம்பரத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறுபக்கமும் ஒன்று உண்டு. உடம்பில் நீர் மிகுந்து இதயத்தின் மேலறை விரிந்தால், இதயமே ஒரு ஹார்மோனைச் சுரந்து மேல் மதகைத் திறந்து ரெனினை அடக்கி உப்பை வெளியேற்றச் செய்கிறது. கனடாவில் அடோல்ஃபோ டி போல்ட் 1981ல் இதை வெளிப்படுத்தும் வரை இதயத்தை வெறும் பம்ப் என்றுதான் நினைத்திருந்தார்கள். வெயில் காலத்துக் கதையில் அதற்கு இடமில்லை.

இப்போது மாலைக்கு வருவோம். வேலை முடிந்தது. இடுப்பும் தொடையும் விண்விண்ணென்று தெறிக்கின்றன. பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்து மருந்துக் கடையில், "உடம்பு வலிக்கு ரெண்டு மாத்திரை குடுங்கண்ணா" என்றால் போதும். அட்டையிலிருந்து கத்தரித்த இரண்டு மூன்று மாத்திரைகள் சின்னக் காகித உறையில் வரும். பெயர் தெரியாது, கேட்கும் வழக்கமும் இல்லை. பெரும்பாலும் அதில் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் இவற்றில் ஒன்று இருக்கும். வலி நிற்கிறது. ஏனென்றால் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்குவதும் புரோஸ்டாகிளாண்டின்களே. மாத்திரை அவற்றின் உற்பத்தியை நிறுத்துகிறது. இடுப்பில் நிறுத்துகிறது, சிறுநீரகத்திலும் நிறுத்துகிறது. காலை முதல் மேல் மதகைத் திறந்து பிடித்திருந்த கை, மிகவும் தேவைப்பட்ட நாளில் விலகிவிடுகிறது.

இந்த மாத்திரைகள் வேலை செய்யும் விதத்தை 1971ல் லண்டனில் கண்டறிந்தவர் ஜான் வேன். ஆஸ்பிரின் புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று அவர் காட்டினார், 1982ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆஞ்சியோடென்சின் கதையிலும் அவர் இருக்கிறார். பிரேசிலின் ஒருவகை விரியன் பாம்பு கடித்தால் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அந்த நஞ்சில் உள்ள பொருளை 1965ல் விவரித்த செர்ஜியோ ஃபெரேரா, அதை எடுத்துக்கொண்டு வேனின் ஆய்வகத்துக்கு வந்தார். நஞ்சு ஏ.சி.இ. நொதியைத் தடுக்கிறது என்று தெரியவந்தது. வேனின் தூண்டுதலால் அமெரிக்காவின் ஸ்குவிப் நிறுவனத்தில் டேவிட் குஷ்மனும் மிகுவேல் ஒண்டெட்டியும் அதைப் போல வேலை செய்யும் மாத்திரையை உருவாக்கினார்கள். 1981ல் கேப்டோப்ரில் சந்தைக்கு வந்தது. இன்று நம் ஊர்களில் ரத்தக்கொதிப்புக்குத் தரப்படும் எனலாப்ரில், ராமிப்ரில் எல்லாம் அதன் தம்பிகள். சிலருக்கு இவற்றால் வரும் வறட்டு இருமலும் அந்த நொதியைத் தடுப்பதன் விளைவே.

  

ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதைத் தடுப்பதால், எனலாப்ரில் வகை மாத்திரை கீழ் மதகைத் தளர்த்துகிறது. சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்துக்கு இது பெரும் உதவி. சுருளுக்குள் ஆண்டுக்கணக்கில் ஏறி நிற்கும் அழுத்தம் இறங்கி, வடிகட்டி சிதையாமல் நீண்ட நாள் தாங்குகிறது. தினமும் சாப்பிட வேண்டிய நல்ல மருந்து. ஆனால் உடம்பு வறண்ட ஒரு நாளில், கீழ் மதகை இறக்கித்தான் வடிகட்டலைக் காப்பாற்ற வேண்டும் என்ற நிலையில், அந்த வழி அடைபட்டிருக்கிறது. சிலருக்கு இதோடு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்திருக்கும். அது நீரையும் உப்பையும் மேலும் குறைக்கும். இவற்றின் மேல் வலி மாத்திரையும் விழுந்தால், வரத்து குறைவு, மேல் மதகு மூடல், கீழ் மதகு திறப்பு மூன்றும் ஒன்றாக நடக்கின்றன. சிறுநீரக மருத்துவர்கள் இந்த மூன்று மருந்துச் சேர்க்கையைக் கண்டு அஞ்சுவது காரணத்தோடுதான். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் ரத்தக்கொதிப்பு மாத்திரை இன்று வீட்டு வாசலுக்கே வருகிறது. போற்ற வேண்டிய திட்டம் அது. வலி மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தையும் அந்த மாத்திரையோடு சேர்ந்து வீட்டுக்கு வர வேண்டும்.

டைக்ளோஃபெனாக் சிறுநீரகத்தை என்ன செய்யும் என்பதற்கு இந்திய வானமே சாட்சி. இந்த மருந்து கொடுக்கப்பட்டு இறந்த மாடுகளைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்து, கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2004ல் காரணம் வெளியானது. 2006ல் கால்நடைகளுக்கு இந்த மருந்தைத் தருவது தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் பாறுகளின் கடைசிப் புகலிடம் இன்று நீலகிரி அடிவாரத்து மாயாறு பள்ளத்தாக்கு. பறவையின் சிறுநீரகம் வேறு, மனிதனுடையது வேறு என்பது உண்மைதான். மனிதனுக்கு ஒரு வேளை மாத்திரை அப்படிப்பட்ட நஞ்சல்ல. ஆனால் அது வெறும் வலி நிவாரணி என்று நினைத்திருப்பதும் சரியல்ல.

ஒரு நாள் இப்படி மூச்சுத் திணறிய சிறுநீரகம் பெரும்பாலும் மறுநாள் தண்ணீரும் உப்பும் ஓய்வும் கிடைத்ததும் தேறிவிடும். வருடக்கணக்கில், ஒவ்வொரு கோடையிலும், ஒவ்வொரு வேலை நாளிலும் திணறினால் என்ன ஆகும் என்பதுதான் மருத்துவ உலகம் இன்று கேட்கும் கேள்வி. நிகராகுவாவின் கரும்புத் தோட்டங்களில் சர்க்கரையோ கொதிப்போ இல்லாத இளைஞர்கள் சிறுநீரகம் பழுதாகிச் செத்தார்கள். இலங்கையின் வடமத்திய மாகாணத்து நெல் விவசாயிகளிடமும், ஆந்திரத்தின் உத்தானத்திலும் காரணம் பிடிபடாத சிறுநீரக நோய் பரவியது. குடிநீர், பூச்சிமருந்து, வெப்பம் என்று பல சந்தேகங்கள் இருக்கின்றன. எல்லா இடத்துக்கும் ஒரே காரணமாக இருக்க வேண்டியதுமில்லை.

தமிழ்நாட்டிலும் கணக்கெடுக்கத் தொடங்கிவிட்டார்கள். போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் உப்பளத் தொழிலாளர்கள் 350க்கும் மேற்பட்டோரைச் சோதித்து 2023ல் வெளியிட்ட ஆய்வில், பத்தில் ஒன்பது பேர் அனுமதிக்கத்தக்க வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்வதும், நூற்றில் ஏழு பேருக்கு வடிகட்டும் திறன் குறைந்திருப்பதும் தெரிந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சிறுநீரகவியல் பிரிவினர் 3,000க்கும் மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்களைச் சோதித்து 2025ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவலை தருகிறது. ஏறக்குறைய இருபதில் ஒருவருக்கு நாட்பட்ட சிறுநீரக நோய். அவர்களில் சுமார் பாதிப் பேருக்குச் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை.

நிகராகுவாவில் ஒரு பெரிய கரும்புத் தோட்டத்தில் தண்ணீர், நிழல், முறைவைத்த ஓய்வு மூன்றையும் கட்டாயமாக்கியபோது சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. 19ஆம் நூற்றாண்டிலேயே பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை வந்த நெல்லிக்குப்பத்தைச் சுற்றிக் கரும்பு வெட்டுபவர்களுக்கும், பண்ருட்டியில் கொட்டை பொறுக்குபவர்களுக்கும் அதே மூன்றும் வேண்டும். பெண்களுக்கு நான்காவதாகக் கழிப்பிடமும் வேண்டும். அது இல்லாத இடத்தில் தண்ணீர்ப் பானையை எத்தனை தடவை நிரப்பி வைத்தாலும் குடிக்க மாட்டார்கள்.

தண்ணீரோடு உப்பும் சேர வேண்டும். வியர்வையில் இரண்டும்தான் போகின்றன. உப்புப் போட்ட நீராகாரமும் மோரும் கம்பங்கூழும் ரெனினின் பதற்றத்தைத் தணிக்கும் உணவுகள். ரத்தக்கொதிப்பு, இதய நோய் உள்ளவர்கள் மட்டும் உப்பின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீர் டீ டிக்காஷன் நிறத்துக்கு வந்துவிட்டால், அல்லது காலையிலிருந்து மாலை வரை போகவே இல்லை என்றால், அன்றைக்கு மேற்சொன்ன வலி மாத்திரையோ ஊசியோ கூடாது. வயிற்றுப்போக்கு, வாந்தி உள்ள நாளிலும் கூடாது. வலி தாங்கவில்லை என்றால் சரியான அளவில் பாராசிட்டமால் சிறுநீரகத்துக்குப் பாதுகாப்பானது. கொதிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடவும் வேண்டாம். அப்படிப்பட்ட நாட்களில் அதை என்ன செய்வது என்று மாத்திரை எழுதித் தந்தவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம்.

ரத்தத்தில் கிரியேட்டினின் எவ்வளவு என்று பார்த்தால் வடிகட்டி எப்படி இருக்கிறதென்று தெரிந்துவிடும். 1985ல் அண்ணாமலை நகரில் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று அரசு கடலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையாக இருக்கும் இடத்திலும், மற்ற அரசு மருத்துவமனைகளிலும் இந்தச் சோதனை உண்டு. வெயிலில் வேலை செய்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது செய்துகொள்ளுங்கள். அடுத்த முறை மருந்துக் கடையில் வலி மாத்திரை கேட்கும்போது அதன் பெயரைக் கேளுங்கள், நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் பெயரையும் அங்கேயே சொல்லுங்கள்.